பற்றரியும் பிராரத்தமும்

சிவமயம்

ஆன்மாக்களுக்குத் தனு கரண புவன போகங்களைத் தந்தருளினவர் சிவபெருமான் என்பதும், அவற்றுள் தனுவாகிய உடம்பு வினைக்கீடாக வந்து, பிராரத்தம் நுகர்ந்து முடியுமளவும் நின்று, பின் நீங்குவது என்பதும் சைவசித்தாந்தத் துணிபு. இத்துணிபை நாம் மாணாக்கருக்கு ஆண்டுதோறும் ஓதுவிக்கின்றோம். ஓதுவித்தல் எளிது. ஒரு வீட்டினுள்ளே, முதியவரொருவரது படுக்கையருகே, இன்னது செய்க என்று துணியவேண்டிய வேளையிலே அதனைப் பொருத்திக் காண்டல் அரிது. அங்ஙனம் பொருத்திக் காணவேண்டியதாய் இக்காலத்தில் எழுந்துள்ள வினாவொன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இருதயத்துடிப்புக்குத் துணைசெய்யும் பேஸ்மேக்கர் என்னுங் கருவியின் பற்றரி முடியுந் தறுவாயை அடையும்போது, அதனை மாற்றுதல் கடமையா? மாற்றாது விடுதல் பாவமா? இதுவே அவ்வினா.

முதற்கண் கருவியின் இயல்பு அறியற்பாலது. இருதயத்தின் மேலறையிலே துடிப்பைத் தொடக்கிவைக்கும் இயற்கை மையமொன்று உண்டு. அம்மையம் தளர்ந்தாலும், அங்கிருந்து கீழறைகளுக்குச் செல்லும் வழி தடைப்பட்டாலும், துடிப்புக் குறையும். இளைப்பு, தலைச்சுற்று, மயக்கம், திடீரென விழுதல் முதலியன நிகழும். அக்குறையை நிரப்பும்பொருட்டு, காறையெலும்பின் கீழே தோலினடியிற் சிறு பெட்டகமொன்றை வைத்து, அதிலிருந்து மெல்லிய கம்பிகளை நாளத்தின் வழியே இருதயத்துட் செலுத்துவர். பெட்டகத்தின் ஓடு தைத்தேனியம் என்னும் உலோகத்தாலாயது; உள்ளே மின்சுற்றும் இலிதியப் பற்றரியும் உள்ளன. இருதயம் தானே துடிக்குமாயின் இக்கருவி வாளா இருந்து நோக்கும். துடிப்புத் தவறுமாயின் சிறியதோர் மின்றூண்டலை விடுக்கும். இவ்வளவே அதன் தொழில்.

கைவிளக்கின் பற்றரியைப்போல இதனைக் கழற்றிப் புதியதை இடல் இயலாது. நீர் புகாவண்ணம் முற்றாக மூடப்பட்டிருத்தலின், பெட்டகத்தையே மாற்றல்வேண்டும். கம்பிகள் பழுதின்றியிருப்பின் அவை உள்ளபடியே விடப்படும். பற்றரியின் ஆயுள் பொதுவாக 5 ஆண்டு முதல் 15 ஆண்டு வரையாம். கருவி எத்துணை அடிக்கடி தூண்டவேண்டியுள்ளது, எத்துணை வலிமையோடு தூண்டவேண்டியுள்ளது என்பவற்றைப் பொறுத்து அது கூடும், குறையும். நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இருதயம் நாளொன்றுக்கு 1,00,800 முறையும், ஆண்டொன்றுக்கு 3,67,92,000 முறையும் துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் கருவியையே நம்பியிருப்பார்க்குப் பற்றரி விரைந்து தேய்தல் வியப்பன்று. ஆயினும் அது முன்னறிவிப்பின்றி நின்றுவிடுவதன்று. உள்ளே மின்றடை படிப்படியாக ஏறும், மின்னழுத்தம் இறங்கும், குறித்த எல்லையை எய்தியவுடன் மாற்றுங்காலம் வந்ததென்னுங் குறியைக் கருவி வைத்தியருக்குக் காட்டும். அக்குறி தோன்றியபின்னரும் ஏறத்தாழ மூன்று மாதம் இயங்கும்வண்ணம் அதனை அமைப்பது வழக்கம்.

இக்கருவியின் வரலாறும் நமக்கு ஒரு பாடமாகும். 1958 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 8 ஆந் திகதி, சுவீடன் தேசத்து ஸ்ரொக்ஹோம் நகரிலே, ஆர்ணே லார்சன் என்பவரது உடம்பினுள் முதன்முதலாக இக்கருவி வைக்கப்பட்டது. செய்தவர் எல்ம்குவிஸ்ற் என்னும் பொறியியலாளர். சத்திரவைத்தியஞ் செய்தவர் சென்னிங் என்பவர். நாடோறும் பலமுறை மூர்ச்சித்து விழுந்துகொண்டிருந்த கணவனுக்காக, அவர் மனைவியார் இவ்விருவரையும் விடாது வேண்டினமையாலேயே இக்காரியம் நிகழ்ந்தது. பாதரட்சைக்கு மெருகிடும் மைத்தகரத்தை அச்சாகக்கொண்டு வார்க்கப்பட்ட அம்முதற்கருவி சில மணிநேரமே உழைத்தது. பின்னர் மற்றொன்று, அதன்பின் மற்றொன்று என்றிவ்வாறு இருபதுக்கு மேற்பட்ட கருவிகள் மாற்றப்பட, 43 வயதில் மரணத்தின் வாயிலில் நின்ற அவர் 86 வயது வரை வாழ்ந்து, தம்மைக் காத்த அவ்விருவரும் இறந்தபின்னரே, 2001 ஆம் ஆண்டில், இருதயநோயாலன்றிப் புற்றுநோயால் இறந்தார். ஒரு மனைவியின் மன்றாட்டும், ஒரு பொறியியலாளரின் நுண்ணறிவும், ஒரு வைத்தியரின் துணிவும் கூடி ஒருவருக்கு நாற்பத்துமூன்றாண்டு வாழ்வைக் கொடுத்தன.

இனி நம்மவரிற் சிலர் ஓர் ஆட்சேபம் நிகழ்த்துவர். "ஆயுள் கருவிலேயே அமைந்தது, பிராரத்தம் எவ்வளவோ அவ்வளவே உடம்பு நிற்கும், பற்றரி மாற்றுதல் விதியோடு பொருதலாம்" என்பர். அற்றன்று. பிராரத்தத்தின்பாற்பட்டது நோய் மாத்திரமா? நோயைத் தீர்க்கும் மருந்தும், மருந்தறிந்த வைத்தியரும், அவரிடத்தே நம்மைக் கொண்டுசேர்க்கும் உறவினரும் அதன்பாற்பட்டனவல்லவா? வினை சடமாதலின் தானே வந்து பொருந்தாது. அதனைப் பொருத்துபவர் இறைவரே. அவர் துன்பத்தை ஒரு கையாலும் துன்பநீக்கத்தை மறுகையாலும் தரும்போது, ஒன்றை மாத்திரம் அவர் திருவுளமென்று கொண்டு மற்றதைத் தள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்? திருவள்ளுவர் நிலையாமை என ஓரதிகாரம் வகுத்தார்; மருந்து எனவும் ஓரதிகாரம் வகுத்தார். நிலையாமை உணர்ந்தவர் மருந்துண்ணலாகாது என்பது அவர் கருத்தாயின் இரண்டாவதை வகுத்திரார்.

ஸ்கொத்லாந்து தேசத்து டேவிட் ஹியூம் என்பவர் எழுதி, அவர் இறந்தபின் 1777 இல் வெளிவந்த கட்டுரையொன்றிலே இவ்வாட்சேபத்தின் மறுபுறத்தை எடுத்துக்காட்டினார். உயிரின் எல்லையைக் குறித்தல் கடவுளுக்கே உரியதாயின், உயிரை மாய்த்தல்போலவே உயிரைக் காத்தலும் குற்றமாதல் வேண்டும். தலைமேல் விழவருங் கல்லை விலக்குபவனும் விதியை மீறினவனாவான் என்பது அவர் வாதம். இதுவரையில் அவர் கூற்று ஏற்புடையதே. கல்லை விலக்குதல் குற்றமன்று. ஆகவே பற்றரியை மாற்றுதலும் குற்றமன்று. ஆனால் அவர் அவ்வாதத்தை நீட்டி, உயிரை மாய்த்தலும் குற்றமன்று என்று முடித்தார். அம்முடிபு நமக்கு உடன்பாடன்று. என்னை? உடம்பு நமது முதுசொமன்று; ஆன்மா மலநீக்கம் பெறுதற்பொருட்டுக் கையளிக்கப்பட்ட கருவி. ஒருவர் நம்மிடம் கையளித்த பொருளைப் பேணலாம், அதற்குரிய பணியிற் செலுத்தலாம், உரியவர் கேட்கும்போது திருப்பிக் கொடுக்கலாம். நமக்கு வெறுப்புற்ற நாளில் உடைத்தெறியலாகாது.

திருநாவுக்கரசு நாயனாரது சரித்திரத்தை ஈண்டு நினைவுகூர்தல் தகும். திருக்கைலை காணும் வேட்கையால், கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும் அவர் சென்றார். உடம்பை அவர் பொருட்படுத்தவில்லை என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவாருளர். அவர் உடம்பை ஒறுத்தது சாதற்பொருட்டன்று, காண்டற்பொருட்டு. இறைவர் அவரை அவ்வழியிலே மடியவிடாது, தேய்ந்த உறுப்புக்களைத் திரும்பக் கொடுத்துத் திருவையாற்றிலே காட்சியும் நல்கினார். அதன்பின்னும் நாயனார் பல தலங்களிலே தொண்டு செய்து, திருப்புகலூரிலே உழவாரப்பணி புரிந்திருந்த பின்னரே சிவானந்தப்பேறு எய்தினார். உடம்பு தொண்டுக்குரியது, தொண்டுக்குரியதாயிருக்குமளவும் பேணற்குரியது. இதுவே நாம் கொள்ளும் பொருள்.

இது நிற்க. இரண்டாவது ஆட்சேபம் முதலாவதற்கு நேர்மாறானது. "அங்ஙனமாயின் எந்நிலையிலும் பற்றரியை மாற்றியே தீரவேண்டும், மாற்றாது விடுதல் தற்கொலை, மற்றொருவர்பொருட்டு மறுத்தல் கொலை" என்பர். இதுவே இந்நாளில் நல்லவர்களை மிகவும் வருத்தும் எண்ணமாகும். நம்மூர் ஆசிரியையொருவர் இதுபற்றி என்னிடம் வினாவினர். அவருடைய தாயார்க்கு வயது 84. மறதிநோய் முற்றிப் பெற்ற மக்களையும் அறியார். உணவையும் பெரும்பாலும் மறுக்கின்றார். ஒன்பதாண்டுக்கு முன் வைத்த கருவி, மாற்றுங்காலம் வந்ததென்னுங் குறியைக் காட்டிவிட்டது. வெளிதேசங்களில் வாழும் சகோதரர்கள், "பணத்தைப் பாராதே, உடனே மாற்றுவி" என்கின்றனர். அருகிருந்து நாடோறும் தாயை நீராட்டி ஊட்டுகின்ற மகளோ, "அம்மாவை இன்னுஞ் சில ஆண்டு இந்நிலையிற் கிடத்துதற்கா மாற்றுவிக்கின்றேன்? மாற்றாதுவிடின் பெற்றவளைக் கொன்ற பாவம் என்னைச் சாருமா?" என்று கண்ணீர் சொரிந்தனர். சாத்திரம் ஓதினோம் என்று சொல்லிக்கொள்ளும் நாம் இவ்வினாவுக்கு விடை கூறாது நழுவுதல் முறையன்று.

இவ்வினா நம் நாட்டவர்க்கே உரியதன்று. அமெரிக்க தேசத்துக் கேற்றி பட்லர் என்னும் எழுத்தாளர் தந்தையாரது வரலாற்றை 2010 இல் பத்திரிகைக் கட்டுரையாகவும் 2013 இல் நூலாகவும் வெளியிட்டனர். பாரிசவாதத்தால் தளர்ந்த அம்முதியவருக்கு, வேறொரு சத்திரசிகிச்சையை முன்னிட்டு விரைவிலே பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது. மூளை நாளுக்குநாள் மங்கவும் கருவி தன் தொழிலைச் செவ்வனே செய்தது. அதனை நிறுத்துமாறு மனைவியார் வேண்டினர், வைத்தியர் உடன்படவில்லை. 2008 இல் அவர் இறக்கும்போதும் கருவி இயங்கிக்கொண்டேயிருந்தது. கருவியை வைக்கும் நாளிலே, அது எப்பொழுது போதும் என்று யாரும் கேட்கவில்லை. அவ்வரலாற்றின் துயரம் இதுவே.

கொலையும் தற்கொலையும் யாவை என்பதை வரையறுத்துக்கொண்டு மேற்செல்வோம். சாவைக் கருதி, சாவை விளைக்குஞ் செயலை மேற்கொள்ளுதலே அவற்றின் இலக்கணம். மகன் தந்தைக்கு நீரூற்றாது விடுவானாயின், அவன் கருதுவது தந்தையின் சாவு, அது கொலை. நோய் முற்றி உடம்பு தானே கழன்றுகொண்டிருக்கும் நிலையிலே, பயனினும் வருத்தம் மிகுவதாகிய சிகிச்சையொன்றை வேண்டாமென்பவன் கருதுவது சாவன்று, அவ்வருத்தத்தை விலக்குதலே. சாவு அந்நோயால் வருவது. கத்தோலிக்க சமயத்தலைவர் பன்னிரண்டாம் பயஸ் என்பவரும், முதற்கருவி வைக்கப்படுதற்கு முந்திய ஆண்டாகிய 1957 இல் வைத்தியர்களை நோக்கிப் பேசியபோது, உயிரைப் பேணும் இயல்பான வழிகளைக் கைக்கொள்ளுதல் கடமையென்றும், மிகையான சுமையைத் தரும் வழிகள் கடமையல்லவென்றும் வகுத்துரைத்தனர். பிறசமயத்தார் கூறினும் நியாயமாயதை நியாயமென்று கொள்ளுதல் சைவர்க்கு இழுக்காகாது. ஹார்ட் றிதம் சொசைற்றி என்னும் வைத்தியர் சங்கமும் 2010 இல் வெளியிட்ட அறிக்கையிலே, இத்தகைய கருவியின் உதவியை மறுத்தல் நோயாளியின் உரிமையென்றும், அவ்விருப்பத்தின்படி ஒழுகுதல் கொலையோ தற்கொலைக்கு உதவியோ ஆகாதென்றும் தெளிவித்தது.

அங்ஙனமாயின் அவ்வாசிரியைக்கு யாது விடை? மாற்றுக என்றோ மாற்றாது விடுக என்றோ ஒரு சொல்லில் யான் விடை கூறவில்லை. மூன்று காரியங்களை ஆராயுமாறு கூறினேன். முதலாவது, தாயாரது இருதயம் கருவியை முற்றாக நம்பியுள்ளதா என்பது. முற்றாக நம்பியிருப்பார்க்குக் கருவி நின்றால் மூர்ச்சையும் மரணமும் விரைந்து வரக்கூடும். சிறிதளவே நம்பியிருப்பார்க்கு மரணம் வராது, பழைய தளர்ச்சியும் மயக்கமும் மீளும். விழுந்து எலும்பு முறிந்து கிடக்கவும் நேரும். சாந்தமான சாவை எண்ணி மாற்றாது விட்டவர், நெடிய வேதனையைத் தேடிக்கொடுத்தவராதலுங் கூடும். இது வைத்தியரை வினாவி அறியவேண்டுவது, ஊகித்து முடிவுசெய்யத்தக்கதன்று.

இரண்டாவது, சிகிச்சையின் சுமை எவ்வளவு என்பது. பெட்டகத்தை மாற்றுதல் பெரும்பாலும் அவ்விடத்தை மாத்திரம் மரக்கச்செய்து செய்யப்படுஞ் சிறிய சத்திரசிகிச்சையே. ஆயினும் பழைய வடுவைத் திறத்தலின், நோய்க்கிருமி தொற்றும் அபாயம் முதன்முறை வைக்கும்போது உள்ளதினும் மிகுதி. உடம்பு வலியுடையார்க்கு இஃது அற்பமான சுமை. எலும்புந்தோலுமாய்க் கிடப்பார்க்கு அற்பமன்று. மூன்றாவது, தாயார் அறிவு தெளிந்திருந்த நாளில் தம் இறுதிக்காலத்தைப்பற்றி யாது கூறினர் என்பது. இம்மூன்றனுள் ஒன்றேனும் சகோதரரது நாணத்தையோ, அயலாரது வாய்ச்சொல்லையோ, மகளது களைப்பையோ அளவாகக் கொண்டதன்று என்பது நோக்கற்பாலது. தூரத்திலிருப்பவர் பணத்தால் அன்பைக் காட்டுகின்றனர். அருகிருப்பவர் உடலுழைப்பால் அன்பைக் காட்டுகின்றனர். இரண்டும் அன்பே. ஆயின் படுக்கையிலுள்ளவருக்கு நன்மை யாது என்பதே வினா. நம்முள் எவர் அன்பு பெரிது என்பதன்று.

பொதுவகையாற் கூறின், நடமாடித் தம்மவரோடு உரையாடிச் சிவசிந்தனை செய்ய வல்லார்க்கு, வயது எண்பதேயாயினும் தொண்ணூறேயாயினும், பற்றரியை மாற்றுதலே முறை. அதனை மறுத்தல் பெரும்பாலும் அச்சத்தாலோ சோர்வாலோ எழுவதாம்; அவ்வச்சத்தை அன்போடு தெளிவித்தல் சுற்றத்தார் கடன். வேறு நோயால் மரணம் அணித்தாயுள்ளார்க்கும், வருத்தமன்றிப் பிறிதொன்றும் அறியாத நிலையை எய்தினார்க்கும், மாற்றாது விட்டு, வேதனை தணிக்கும் மருந்தும், நீரும், இன்சொல்லும், திருமுறை ஓதலுங் கொண்டு உடனிருத்தல் பாவமாகாது. மாற்றாது விடுதல் வேறு, கைவிடுதல் வேறு. முன்னது சிலவேளை முறை; பின்னது எஞ்ஞான்றும் முறையன்று.

ஈண்டு மாணாக்கர் கேட்கத்தக்க கேள்வியொன்றுண்டு. "கருவியால் இருதயம் துடிக்குமாயின், பற்றரிதான் உயிரா?" என்பதே அது. இதற்கு விடை அக்கருவியிடத்தேயே உளது. ஒருவர் இறந்தபின்னரும் பேஸ்மேக்கர் உடனே ஓய்வதில்லை, தூண்டலை விடுத்துக்கொண்டேயிருக்கும். ஆயினும் தசை ஏற்றுத் துடிப்பதில்லை. பற்றரியே உயிராயின் பற்றரியுள்ளவர் இறத்தல் கூடாது. கருவி அழைக்கும், உடம்பு விடையிறுக்கும், அவ்வுடம்பைத் தனக்கு இடமாகக்கொண்டு அறிவது ஆன்மா, ஆன்மாவுக்கு அறிவிப்பவர் சிவபெருமான். கருவியைக் கருவியென்றே அறிபவர் அதனை வெறுக்கவும் மாட்டார், வழிபடவும் மாட்டார். பௌதிகபாடம் படிப்பிப்பவரும் சமயபாடம் படிப்பிப்பவரும் கைகோத்து விளக்கத்தக்க உதாரணம் இது.

இறுதியாக, இதனால் நாம் செய்யவேண்டுவன சில உள. கருவி வைத்திருப்போர் குறித்த காலத்திலே தவறாது பரிசோதனைக்குச் செல்லல்வேண்டும். பற்றரி தளருங் காலத்தில் வைத்தியர் அடிக்கடி வரச்சொல்லுவர். அதனைச் சோம்பலால் விடுதல் விதியன்று, அசட்டை. அறிவு தெளிந்திருக்கும்போதே, இன்ன நிலையில் இன்னது செய்க என்று மக்களை இருத்திச் சொல்லுதலும், எழுதிவைத்தலும் நன்று. மரணத்தைப்பற்றிப் பேசுதல் அமங்கலமென்று நாம் வாய்மூடியிருத்தலினாலேயே, பேசவேண்டிய சுமை பேசவறியாத பிள்ளைகள் தலையில் விழுகின்றது. இன்னும், தகனஞ் செய்யுமுன் கருவியை உடம்பினின்றும் எடுப்பித்தல் இன்றியமையாதது. மூடிய பற்றரி தீயில் வெந்து வெடிக்கும். 1976 இல் இங்கிலாந்துத் தகனசாலையொன்றில் அவ்வாறு நிகழ்ந்தமை வைத்திய பத்திரிகையிற் பதிவாகியுள்ளது. சைவராகிய நாம் தகனஞ் செய்பவராதலின், இதனை வைத்தியசாலையாருக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும்.

அங்ஙனம் எடுத்த கருவியின் பற்றரியிலே ஆயுள் மிகுதியாக எஞ்சியிருப்பின், அது வீணாகவேண்டுவதுமன்று. கனடாவிற் சேர்த்துத் தூய்மைசெய்த பழைய கருவிகள் மெக்சிக்கோ, குவாத்தமாலா முதலிய நாடுகளிலுள்ள ஏழைகளுக்கு வைக்கப்பட்டன. ஆயிரத்துக்கு மேற்பட்ட அத்தகையோரை ஆராய்ந்து 2020 இல் வெளிவந்த முடிபு, நோய்த்தொற்றிலே புதுக்கருவி பெற்றாருக்கும் அவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை என்பது. எல்லா நாடுகளிலும் இதற்கு இடமில்லையாயினும், இடமுள்ள விடத்து இதனினும் எளிய உயிர்த்தானம் யாது?

ஆசிரியப் பெருமக்களே, பேஸ்மேக்கர் உடையார்க்கு மூன்று மாத அறிவிப்புக் கிடைக்கின்றது. அஃதில்லாத நமக்கு அதுவுமில்லை. அறிவிப்புப் பெற்றவரை இரக்கத்தோடு நோக்குகின்ற நாம், நமது பற்றரியின் அளவை யாரும் அளந்து கூறாமையாலே அது வற்றாததென்று எண்ணி நாளைக் கழிக்கின்றோம். எஞ்சிய துடிப்புக்கள் எத்தனையென்பது இறைவர் அறிவது. அவற்றை எதன்பொருட்டுச் செலவிடுவோம் என்பதே நமக்கு விடப்பட்டது. அவை கற்பித்தற்கும், பெற்றோரைப் பேணுதற்கும், சிவனை நினைத்தற்கும் ஆகுக.

திருச்சிற்றம்பலம்.